பாகல் பந்தலும் பகா எண்ணும்

பிப்ரவரி 17, திங்கள்
கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. நாற்பது லட்சம் இலக்கங்கள் கொண்ட ஒரே எண். இரண்டின் பெரிய அடுக்கு ஒன்றை ஓர் ஒற்றைப்படை எண்ணால் பெருக்கி, ஒன்று கூட்டினால் வருவது. சின்னப் பகா எண்கள் கோடிக்கணக்கில் போட்டு வகுத்தாயிற்று, ஒன்றுக்கும் மசியவில்லை. இது பகா எண் என்றால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் நிலைக்கும். இல்லையென்றால் இரண்டு வருடம் பாழ். மார்ச்சில் ஏட்டைக் கொடுத்தாக வேண்டும்.

சோதனை எளிது. ஒரு சிறிய எண்ணைத் திரும்பத் திரும்ப வர்க்கமாக்கி, என் எண்ணால் வகுத்து மீதி எடுக்க வேண்டும். கடைசி மீதி என் எண்ணைவிட ஒன்று குறைவாக வந்தால் ஜெயம்.

பிப்ரவரி 19
விடியுமுன் அப்பா தோட்டத்து மோட்டாரைப் போட்டார். வீட்டு விளக்கு மங்கியது. கொழிஞ்சாம்பாறைக் கடையில் வாங்கிய யுபிஎஸ் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. கம்ப்யூட்டர் அணைந்து, எழுந்து, சேமித்த இடத்திலிருந்து தொடர்ந்தது. சரியாகத்தான் சேமித்ததா?

பிப்ரவரி 21
பகா எண் இல்லை.

பிப்ரவரி 22
நடுவில் ஓரிடத்தில் பிசகினாலும் விடை ‘இல்லை’ என்றுதான் வரும். பிசகி ‘ஆம்’ வருவது நடக்காத காரியம். அப்படியானால் இந்த ‘இல்லை’யை எப்படி நம்புவது?

என் வழிகாட்டி நிமி டீச்சருக்குப் போன் செய்தேன். “ஜீவிதா, உறப்பாணோ?” நிச்சயமா என்று மலையாளத்தில் கேட்கிறார், நான் என்ன சொல்ல? மறுபடி ஓட்டி, இரண்டு மீதியும் ஒன்றா என்று பார்க்கச் சொன்னார்.

அப்பாவிடம் கத்திவிட்டேன். “உங்க மோட்டார்தானுங்க எல்லாத்தையும் கெடுத்துது. ஒரு வாரம் அதத் தொடாதீங்க!”

“பாவக்கா பிஞ்சு புடிக்கிற நேரம் அம்மிணி.”

“எம் படிப்பு போனாப் பரவாயில்லீங்களா?”

அப்பா மோட்டார் அறைக்குப் போனார். ஸ்டார்ட்டர் பெட்டியைப் பூட்டி, சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 24
ஓடுகிறது. விளக்கு மங்கவில்லை.

பிப்ரவரி 26
பாகல் இலைகள் சுருண்டுவிட்டன. “உங்கப்பா பந்தல் பக்கமே போறதில்ல கண்ணு. பாக்க முடியலையாமா” என்றாள் அம்மா. மோட்டாரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நான் இவ்வளவு கல்நெஞ்சக்காரியா?

பிப்ரவரி 27
பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்கின்றன. இத்தனைக்கும் பிறகு ‘ஆம்’ வராவிட்டால் — சாமியிடம் கேட்கலாம். ஆனால் அந்த எண் பகா எண்ணா இல்லையா என்பது என்றைக்கோ முடிந்துபோன விஷயம், வேண்டினால் மாறுமா? ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 28
இல்லை.

இரண்டு மீதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓர் இலக்கம்கூட மாறவில்லை. முதல் தடவையே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அப்பா கதவருகே நின்றார். “என்ன சொல்லுது அம்மிணி?”

“போன தடவ சொன்னதேதானுங்கப்பா.”

“அப்ப மோட்டார் மேல தப்பில்லையா?”

“இல்லீங்க.”

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். திட்டியிருக்கலாம், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நிமி டீச்சருக்கு ஒரு வார்த்தை அனுப்பினேன்: உறப்பு.

மார்ச் 1
விடியுமுன் சாவியை எடுத்துக்கொண்டு போய் நானே மோட்டாரைப் போட்டேன். பாதிக் கொடியாவது பிழைக்கும் என்கிறார் அப்பா. வாய்க்காலில் தண்ணீர் பந்தலுக்குப் போய்ச் சேரும்வரை இருவரும் நின்று பார்த்தோம்.

திரும்பி வந்தால் மேசை விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்திலேயே கடைசி அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத உட்கார்ந்தேன்.