மணல்வெளி காலியாக உள்ளது

மாமல்லபுரம் முகாம்,
20-8-1974

அன்புள்ள தம்பி வாசுதேவனுக்கு, அண்ணன் ஜெயினுலாபுதீன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும், காவலுக்குப் போட்ட இரண்டு ஜவான்களும், வண்டி இல்லாத வண்டிக் கொட்டகையும் ஆண்டவன் கிருபையால் நலம். சப்பாத்தி தின்று தின்று வயிறு கல்லாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். உன் அண்ணி லத்தீஃபா அதைப் படித்துவிட்டு உனக்கென்று நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். பார்சலில் அனுப்பினால் உன் பாக்டரி வாசலில் அதற்கும் இன்ஸ்பெக்‌ஷன் வைப்பார்களோ என்று யோசிக்கிறேன்.

நீ வடக்கே அந்த ராணுவ வண்டிப் பாக்டரிக்குக் கிளம்பும்போது என்ன சொன்னார்கள்? மணலில் ஓடும், தண்ணீரில் மிதக்கும், சோதனை வண்டி இரண்டு தயார்; கையெழுத்துப் போட்டு ரயிலில் ஏற்றிக்கொண்டு வா, இரண்டே வாரம் என்றார்கள். மாசியில் போனாய், ஆவணி பிறந்துவிட்டது. பாக்டரிக்காரன் டெல்லி உத்தரவு வரட்டும் என்கிறான். டெல்லிக்காரன், சோதனை நடக்கும் இடம் காலியாக இருக்கிறது என்று என்னிடம் சர்டிபிகேட் கேட்கிறான். நானும் 'மணல்வெளி காலியாக உள்ளது' என்று எழுதி அனுப்புகிறேன். அந்தச் சர்டிபிகேட்டுக்கு ஆயுள் இரண்டு மாதம். சென்னை ஆபீஸில் கொஞ்சம் தூங்கி, டெல்லியில் கொஞ்சம் தூங்கி, பாக்டரிக்குப் போய்ச் சேரும்போது அது செல்லாது. புதிதாக அனுப்பு என்கிறார்கள். நாளைக்கு இன்னொன்று எழுத வேண்டும். எனக்கே அலுத்துவிட்டது.

அதுவரை கரையில் கயிறு கட்டி, சிவப்புக் கொடி நட்டு, யாரும் வராமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே வேலை. குப்பத்து ஜனங்கள் காலங்காலமாகக் கட்டுமரம் ஏற்றிய மணல் அது. இப்போது தெற்கே பாறைப் பக்கம் கரையேறுகிறார்கள். முனிசாமி என்று ஒரு மீனவர், 'இன்னா சார், வண்டி வருதா, வரலியா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடு' என்று தினமும் வந்து கேட்கிறார். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் பாறைப் பக்கம் அலை ஆளை விடாதாம்.

அச்சரப்பாக்கம் போய்ப் பார்வதத்தைப் பார்த்து வந்தோம். புரட்டாசிக் கடைசியில் பிரசவம் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னாராம். முதல் பிரசவம், புருஷன் பக்கத்தில் இல்லை, அதன் முகம் எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. வண்டி கைக்கு வராமல் உனக்கு லீவும் கிடையாதாமே; மேனேஜர் காலைப் பிடித்தாவது சீக்கிரம் வண்டியோடு வந்து சேர்.

உன் அன்பு அண்ணன்,
சுபேதார் ஜெயினுலாபுதீன்


மாமல்லபுரம் முகாம்,
26-10-1974

தம்பி வாசுதேவனுக்கு அநேக துவாவுடன்,

உனக்கு மகள் பிறந்த தந்தி கிடைத்திருக்கும். பெருநாள் முடிந்ததும் நானும் லத்தீஃபாவும் போய்ப் பார்த்தோம். மூக்கு உன்னுடையது, பாவம். மற்றதெல்லாம் பார்வதத்தின் சாயல். பெயர் என்ன என்று பார்வதத்திடம் கேட்டதற்கு, அவர் வந்து வைக்கட்டும் என்றது. தீபாவளிக்கு வந்துவிடுவார் இல்லையாண்ணா என்று அதுவே கேட்டது. இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி எழுதப் போவதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

போன வாரம் வாடை திரும்பியது. பாறைப் பக்கம் கரையேறும்போது முனிசாமியின் கட்டுமரத்தை அலை தூக்கி அடித்துவிட்டது. கூட இருந்தவர் நீந்தித் தப்பினார். முனிசாமிக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. நம் ஜீப்பில்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவர் மனைவி ஆராயி அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு வந்தார். இறங்கும்போது, 'வராத வண்டிக்கு எடம் கீது, தெனம் வர்ற கட்டுமரத்துக்கு எடம் இல்லியா சார்?' என்று கேட்டார். எழுபத்தொன்று சண்டையில்கூட நான் இப்படித் தலை குனிந்து நின்றதில்லை.

மறுநாளே சென்னை ஆபீஸுக்குப் போனேன். கயிற்றையாவது அவிழ்க்க விடுங்கள் என்றேன். அதிகாரி நல்ல மனிதர், டீ வரவழைத்தார். வண்டி வந்து சோதனை முடிந்தால் அவிழ்க்கலாம், வண்டி வராது என்று உத்தரவு வந்தாலும் அவிழ்க்கலாம் என்றார். வராது என்று எழுதிக் கொடுக்க யாருக்கு அதிகாரம் என்று கேட்டேன். அதைத்தான் டெல்லிக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம் என்றார்.

அதோடு ஒரு நல்ல செய்தியும் சொன்னார். பாக்டரியில் எல்லாம் முடிந்துவிட்டதாம். இந்த முறை என் சர்டிபிகேட்டை எங்கும் தூங்கவிடாமல் ஆள் மூலமே அனுப்புவார்களாம்; அது கைக்கு வந்ததும் உன்னையும் வண்டிகளையும் ரயிலேற்றிவிடுவார்களாம். வந்தால் தை வரை இங்கே சோதனை நடக்குமாம். அலை பெரிதாக இருக்கும் காலம்தான் அவர்களுக்கும் வேண்டுமாம்.

திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன். நான் கையெழுத்துப் போட்டால் நீ தீபாவளிக்கு வீட்டில் இருப்பாய். குப்பத்து ஆண்கள் இந்த வாடை முழுக்கப் பாறையில் கரையேறுவார்கள். உன்னையும் உன் மகளையும் நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் தம்பி. பிறகு போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். உத்தரவு என்னுடையது என்று ஜவான்களுக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன், அவர்கள் தலையில் எதுவும் விடியக் கூடாது. இன்று காலை குப்பத்துக் கட்டுமரங்கள் எல்லாம் பழைய இடத்தில் ஏறியிருக்கின்றன.

ஆபீஸுக்குச் சர்டிபிகேட் அனுப்பவில்லை. கடல் அரித்துவிட்டது, மணல்வெளியை மறுபடி அளக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அளக்க ஆள் வந்து, ரிப்போர்ட் டெல்லி போய்த் திரும்புவதற்குள் தை பிறந்துவிடும். இந்த வித்தையெல்லாம் அவர்களிடம் கற்றுக்கொண்டதுதான்.

இத்தனை மாதம் உன்னை அங்கே உட்கார வைத்தது பாக்டரியும் டெல்லியும். இனி தை வரை உட்கார வைத்திருப்பது நான். பார்வதத்திடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், யார் செய்தது என்பதையும் சேர்த்து. குழந்தைக்கு வேண்டியதை லத்தீஃபா பார்த்துக்கொள்வாள். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். அல்லாஹ் உனக்கும் உன் மகளுக்கும் நீண்ட ஆயுளைக் கொடுப்பானாக. கோபமாக எழுது, எவ்வளவு கோபமாக வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே தம்பி.

உன் அண்ணன்,
ஜெயினுலாபுதீன்