சாமிக்குக் கொடுத்த இடது கால்

ஜூலை 8, செவ்வாய்

கபடியில் தோற்றோம். நான்தான் காரணமாம். பாடிக்கொண்டு போனேன், ஒருத்தியைத் தொட்டேன், திரும்பும்போது வலது முட்டிச் சில்லு வெளிப்பக்கமாக நகர்ந்துவிட்டது. என் கண்ணால் பார்த்தேன். முட்டி இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், பக்கத்தில் மேடு. அலறிக்கொண்டு காலை நீட்டினேன். டக்கென்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பி.டி. வாத்தியார் கிங்ஸ்லி சார் ஓடி வந்து பார்க்கும்போது முட்டி முட்டியாகவே இருந்தது. வாத்தியாரைக் கண்டதும் ஒழுங்காக உட்காரும் நல்ல பழக்கம் என் உடம்பில் இந்தச் சில்லுக்கு மட்டும்தான் இருக்கிறது.

“எல்லாம் சரியாத்தானம்மா இருக்கு,” என்றார். மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் எல்லா வழக்குக்கும் தீர்ப்புச் சொல்வது அப்பாவுடைய அண்ணன், சங்கிலி பெரியப்பா. “தோத்ததுக்கு ஒரு காரணம் வேணும்ல, அதான் முட்டி,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஜூலை 9

முட்டி வீங்கிப் பாவாடைக்கு மேலேயே தெரிகிறது. பெரியப்பா பார்த்துவிட்டு, “நல்லாத்தான் நடிக்குது,” என்றார். என்னையா, முட்டியையா?

ஜூலை 12, சனி

சின்னமனூரில் எக்ஸ்ரே. அப்பா வாழைக்காய் ஏலத்தை விட்டுவிட்டு வந்தார். மார்க்கையன்கோட்டையில் பைக்கை எடுத்ததிலிருந்து போய்ச் சேரும் வரை இந்தத் தியாகத்தைப் பற்றித்தான் பேச்சு.

படம் எடுக்கிற அண்ணன் காலை நேராக நீட்டச் சொன்னார். “அண்ணே, லேசா மடக்கித் திரும்புறப்பத்தான் வெலகுது,” என்றேன். அவர் அப்பாவைப் பார்த்து, “பாப்பாவ ஆடாம இருக்கச் சொல்லுங்க,” என்றார். அப்பா என்னைப் பார்த்து, “ஆடாம இரு,” என்றார். நான் ஆடவே இல்லை.

ரிப்போர்ட் நார்மல்.

சாயங்காலம் வீட்டில் கூட்டம். படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஆளாளுக்குப் பார்த்தார்கள். “எலும்பு தேக்கு மாதிரி இருக்குடா சுருளி,” என்று பெரியப்பா அப்பா முதுகில் தட்டினார். “தலகீழா பிடிச்சிருக்கீக மாமா,” என்றார் அம்மா. “எலும்புக்கு ஏதுத்தா தலகீழு?” என்றார் பெரியப்பா. பிறகு படத்தைக் காலண்டர் ஆணியிலேயே மாட்டிவிட்டார்கள். இனிமேல் எங்கள் வீட்டில் தேதி பார்க்க வேண்டுமென்றால் என் காலை விலக்கிப் பார்க்க வேண்டும்.

ஜூலை 14

வலிக்கிறது என்றேன். “நார்மல்னு போட்டிருக்குல்ல,” என்றார் அப்பா. படியிறங்க முடியவில்லை என்றேன். கிங்ஸ்லி சாரும் அதே நார்மலைத்தான் சொன்னார்.

ஜூலை 18, ஆடி வெள்ளி

ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் வெள்ளியில் கால் வாங்கிப் போடுவதாக அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாராம். கோயில் வாசல் கடையில் கண் இருந்தது, கை இருந்தது, முழு ஆள்கூட இருந்தது. காலில் இடது கால் மட்டும்தான் இருந்தது. ஆடி மாதம் வலது காலுக்கு அவ்வளவு கிராக்கி.

“அம்மா, இது இடது காலு. பெருவிரலப் பாரு.”

“சாமிக்குத் தெரியாதாக்கும்?”

வெள்ளித் தகடு உண்டியலுக்குள் போனது. ஆக எனக்கு இப்போது இரண்டு சான்றிதழ். ஒன்று எக்ஸ்ரேக்காரர் கொடுத்தது, இன்னொன்று ஆத்தா கொடுத்தது. இதற்கு மேலும் வலித்தால் அது என் திமிர்.

ஜூலை 29

மறுபடி வெலகிருச்சு. பிராக்டீஸ்ல. எல்லாரும் சுத்தி நிக்கிறாக, நான் மண்ணுல கிடக்கேன், கிங்ஸ்லி சார் கையக் கட்டிக்கிட்டு, “போதும்மா, எந்திரி”ங்கிறார். சிம்ரன்கூட சிரிச்சுட்டா. என் பக்கத்துலயே உக்காந்து சாப்பிடுற சிம்ரன். நான் எதுக்குப் பொய் சொல்லணும்? கபடி ஆடாம இருந்தா எனக்கு என்ன கிடைக்கும்? எனக்குக் கபடிதான வேணும்? ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு நம்பினாப் போதும்.

ஜூலை 30

தேனிக்குப் போய் நல்ல டாக்டரைப் பார்க்கலாம் என்றார் அம்மா. பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “சாமிக்குக் கால் குடுத்தாச்சு. இனிமே படம் எடுத்தா சாமிய சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்.” அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. “சாமிக்குக் குடுத்தது வெள்ளிக் காலு மாமா. நொண்டுறது எம்பிள்ளை காலு,” என்றார். இந்த வீட்டில் பெரியப்பா பேசிய பிறகு யாராவது பேசி இன்றுதான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

அம்மாவும் நானும் பஸ்ஸில் தேனிக்குப் போனோம். பழனிசெட்டிபட்டி வந்தபோது பின்னால் ஹாரன் சத்தம். பார்த்தால் அப்பா பைக்கில் வருகிறார். கூட வருவதாக ஒத்துக்கொள்ளவில்லை, “இந்தப் பக்கம் ஒரு வேல இருந்துச்சு,” என்றார்.

டாக்டர் பெயர் ஹேமாவதி. அப்பா ஆரம்பித்தார்: “நார்மல்தான் டாக்டர், பிள்ளை கொஞ்சம் பயந்த சுபாவம்.” டாக்டர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. என் காலைத் தளர்த்தி வைத்து, சில்லை மெல்ல வெளிப்பக்கம் தள்ளினார். தள்ளும்போது முட்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“போதும், தெரிஞ்சுபோச்சு,” என்றார்.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு என்று அப்பா கேட்டார். சில்லு வெளியே போய் வந்தது உறுதி, ஏன் போகிறது, உள்ளே என்ன கிழிந்திருக்கிறது, எலும்பில் ஏதும் உடைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன் என்றார் டாக்டர். நேராக நீட்டி எடுத்த படத்தில் சில்லு உட்காரும் பள்ளம் தெரியாதாம், மடக்கி வைத்து மேலிருந்து எடுக்க வேண்டுமாம். இதைத்தான் நான் எக்ஸ்ரேக்கார அண்ணனிடம் சொன்னேன். என்ன, எனக்கு டாக்டர் பட்டம் இல்லை.

ஆகஸ்ட் 5

எம்.ஆர்.ஐ. ரைஸ் மில்லுக்குள் படுக்கவைத்து ஆடாதே என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இடது முட்டியையும் எடுத்தார்கள். வெளியே வந்தால் அப்பா அங்கிருந்தவரிடம், “படத்தக் கொஞ்சம் பெருசாப் போட்டுக் குடுங்க, வீட்ல பெரியவுக பாப்பாக,” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 7

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக் காட்டினார். சில்லின் உள்ஓரத்தில் ஒரு வெள்ளைத் தடம். தொடை எலும்பின் வெளிஓரத்தில் இன்னொன்று. வெளியே போன சில்லு திரும்பி வரும்போது இரண்டும் இடித்துக்கொண்ட காயம் அது. “பிள்ளை சொன்னது அப்படியே பதிஞ்சிருக்கு பாருங்க,” என்றார். சில்லைப் பிடித்து வைக்கிற தசைநார் கிழிந்திருக்கிறது. அது உட்காருகிற பள்ளமும் பிறவியிலேயே மேலோட்டம். குழியே இல்லாத பல்லாங்குழியில் சோழியைப் போட்டால் அது எங்கே நிற்கும்?

இடது முட்டியிலும் பள்ளம் மேலோட்டம்தானாம். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அன்னைக்கே நான் இடது கால வாங்கிப் போட்டேன்ல?” டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அங்கே சிரிக்க முடியாததில் வயிறு வலித்தது.

எலும்பு வளரும் இடம் இன்னும் முழுதாக மூடவில்லை, அவசரப்பட்டுக் கத்தி வைக்க வேண்டாம், பயிற்சி செய்து பார்ப்போம் என்றார் டாக்டர். மறுபடி விலகினால் ஆபரேஷன். விலகாவிட்டால் நவம்பரில் விளையாட விடலாம். மாவட்டப் போட்டியும் நவம்பரில்தான்.

வீட்டு வாசலில் அப்பா பைக்கை நிறுத்திவிட்டு, “ரொம்ப வலிச்சுச்சாத்தா?” என்றார். அழுதுவிட்டேன்.

ஆகஸ்ட் 10

பெரியப்பா புதுப் படத்தைப் பார்த்தார், இந்த முறை நேராகவே பிடித்து. தீர்ப்பு: “பொம்பளப் பிள்ளை முட்டி சங்கதி. வெளிய தெரியக் கூடாது. நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் கேப்பான்.” பொய்ப் படம் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. உண்மைப் படம் உரச்சாக்கில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. எனக்கு இப்போது பதினைந்து வயது. அந்த மாப்பிள்ளை எங்கேயோ ஒன்பதாவதில் ஃபெயிலாகிக்கொண்டிருப்பான்.

செப்டம்பர் 21

தினமும் காலைத் தூக்கி இறக்குகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறார், அடிக்கடி எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

அக்டோபர் 26

ஓடினேன். வலி இல்லை. கிங்ஸ்லி சார் பக்கத்தில் வந்து, “சாரிம்மா,” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். டீமில் என் பெயர் இருக்கிறதாம், டாக்டர் சரி சொன்னால் போதுமாம். நான் வராவிட்டால் சிம்ரன் போவாள்.

நவம்பர் 14

பள்ளிக்கூட மாடிப்படியில் விலகியது. கொஞ்சம்தான். உடனே உள்ளே போய்விட்டது. வீக்கமும் இல்லை. யாரும் பார்க்கவில்லை.

நாளைக்கு டாக்டர்.

நவம்பர் 15, சனி

ஹேமாவதி டாக்டர் பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன டாக்டர். காலை மடக்கி எடுத்த எக்ஸ்ரேயை விளக்கில் வைத்து, “சில்லு நல்லா உட்கார்ந்திருக்கு. விளையாடலாம்னு நினைக்கிறேன் மேடம்,” என்றார்.

அப்பா எழுந்து நின்றார். “படத்துல எப்பவுமே சரியாத்தான் சார் இருக்கும். அவகிட்ட கேளுங்க. அவ சொன்னா அதுதான்.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். விலகவில்லை என்று சொன்னால் போதும். அடுத்த வாரம் நான் மைதானத்தில் நிற்பேன்.

“நேத்து ஒருக்க வெலகுச்சு,” என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். பரீட்சை முடிந்ததும் ஆபரேஷன். போட்டிக்கு சிம்ரன் போகிறாள்.

நிஜமாவா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.