கீழேயே தங்கிவிட்ட முகங்கள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கரியாலூரில் இன்று மானம் போனது. சாமை விற்கும் பெண்கள் குழுவுக்கு அடையாள அட்டை போட்டுத் தர, மடிக்கணினியும் பிரிண்டருமாக மலையேறினேன். அவர்கள் விவரமெல்லாம் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து பிடிஎஃப் எடுத்து அச்சடிக்க வேண்டியதுதான் பாக்கி. எடுத்தேன். பெயர் இருந்தது, ஊர் இருந்தது. படம் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். அட்டை இல்லாமல் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடை போட விடமாட்டார்கள்.

குழுத் தலைவி செல்லம்மாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாங்க, எங்க மூஞ்சியெல்லாம் கள்ளக்குறிச்சியிலயே வுட்டுட்டு வந்துட்டீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

பஸ்ஸில் மலையிறங்கி வரும்போதுதான் உறைத்தது. அவர் சொன்னது அப்படியே உண்மை. கோப்பில் படம் இல்லை, படம் இருக்கும் இடத்தின் விலாசம்தான் இருந்தது. படமெல்லாம் கள்ளக்குறிச்சியில், என் ஆபீஸ் கணினியில். டவரே இல்லாத மலையிலிருந்து மடிக்கணினி அதை எப்படி எட்டிப் பிடிக்கும்?

ஆபீஸ் வந்ததும் ஒவ்வொரு படத்தையும் கணினி படிக்கும் எழுத்துகளாக மாற்றிக் கோப்புக்குள்ளேயே பதித்தேன். கோப்பு வீங்கிவிட்டது, வீங்கட்டும். மலையில் இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று வைஃபையை அணைத்துவிட்டு மடிக்கணினியில் பிடிஎஃப் எடுத்தேன். முதல் பக்கத்திலேயே செல்லம்மாள், அதே சிரிப்போடு.

நாளைக் காலை பஸ்ஸில் அவர்கள் அத்தனை பேரும் என்னோடு மலையேறுகிறார்கள்.