வலது காலில் ஈரம்

ஜூன் 24, திங்கள்

மூன்றாவது பீரியடில் போர்டில் தவளையின் இதயம் வரைந்துகொண்டிருந்தபோது வலது காலில் தண்ணீர் வழிந்தது. முழங்காலுக்குப் பின்னாலிருந்து குதிகால் வரை, சில்லென்று. குனிந்து பார்த்தால் காய்ந்த கால். முந்தானையால் துடைத்தேன். மறுபடி வழிந்தது. வகுப்பே என்னைப் பார்த்தது. எறும்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 27, வியாழன்

இன்றும்.

ஜூன் 30, ஞாயிறு

அத்தையிடம் சொல்லியிருக்கக் கூடாது. நான் காலைத் துடைப்பதைப் பார்த்து, “ஏஞ்சாமி, என்ன பண்ணுது?” என்றார்.

“தண்ணி ஓடுற மாதிரி இருக்குதுங்க அத்தை.”

“எந்தக் காலு?”

வலது என்றேன். அப்படியே என் காலடியில் உட்கார்ந்து பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சௌந்தர்யாவைக் கிணற்றிலிருந்து தூக்கியபோது வலது காலில்தான் கயிறு சுற்றியிருந்ததாம். இத்தனை வருடத்தில் இன்றுதான் சொல்கிறார்.

சௌந்தர்யா அவருடைய மகள், என் வீட்டுக்காரருக்குத் தங்கை. எனக்கு அவள் சுவரில் மாலை போட்ட படம் மட்டும்தான். தோட்டத்துக் கிணற்றில் விழுந்தாளா, குதித்தாளா? இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

ஜூலை 9, செவ்வாய்

செத்துப்போன பெண்ணைத் தண்ணீர்க்கரையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்து பூவாடைக்காரியாக வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். சௌந்தர்யாவை அழைக்கவில்லை. மாமா உயிரோடு இருந்தவரை விடவில்லை.

“கூப்புடாம உட்டுட்டோம். அதான் அவளே வந்துட்டா” என்கிறார் அத்தை.

நான் சயின்ஸ் டீச்சர். இதற்குச் சிரிக்கத்தான் வேண்டும். சிரிப்பு வரவில்லை. அந்தக் காலில் இப்போது செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை.

ஜூலை 15, திங்கள்

சேலத்தில் ஸ்கேன். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய சவ்வு ஒன்று உண்டாம். நடு முதுகில் அதற்குள் நீர் தேங்கி, தண்டுவடத்தை நசுக்குகிறதாம். “புத்துநோய் எல்லாம் இல்லம்மா. நீர்க்கட்டி. பிறவியிலேயே இருந்திருக்கலாம், இப்பதான் அழுத்துது. சீக்கிரம் எடுக்கணும், தள்ளிப்போட்டா கால் போயிடும்” என்றார் டாக்டர்.

எனக்கு ஒரே நிம்மதி. பேய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் அத்தைக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். “நீரு… நீருதான்.”

ஜூலை 16, செவ்வாய்

ஸ்டாஃப் ரூமில் நீர்க்கட்டி என்றதும் கர்ப்பப்பையில் என்று நினைத்து ஆளுக்கொரு லேடி டாக்டர் பெயர் சொன்னார்கள். முதுகில் என்றேன். பேச்சு பரீட்சைப் பேப்பருக்குத் தாவிவிட்டது.

ஜூலை 18, வியாழன்

“ஆடி போகட்டும்னு அம்மா சொல்றாங்க தமிழு” என்கிறார் என் வீட்டுக்காரர் அறிவழகன். பெற்ற அம்மா. இவரும் ஒரே தங்கையைப் பறிகொடுத்தவர். நான் என்ன சொல்ல? என் காலுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது.

அத்தையிடம் நேராகவே பேசிப் பார்த்தேன். “அது நான் பொறந்தப்பவே இருந்திருக்குங்க அத்தை. சௌந்தர்யா போறதுக்கு ரொம்ப முன்னாடியே.”

என் நடு முதுகைத் தடவிப் பார்த்தார்.

“அப்பவே அவளுக்கு இடம் பண்ணி வெச்சிருக்குது சாமி.”



ஜூலை 28, ஞாயிறு

தினமும் எண்ணெய் காய்ச்சிக் காலில் தேய்த்துவிடுகிறார். என் சொந்த அம்மாகூட இப்படிச் செய்ததில்லை. தேய்க்கும்போது காலோடுதான் பேச்சு. “கண்ணு, சாப்புட்டியா?”

இன்று நான், “சாப்பிட்டேன்” என்றேன்.

குரல் என்னுடையதுதானா? தெரியவில்லை. ஐயோ, எனக்குப் பயமாயிருக்குதே.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்தேன். வலது கால் அங்கே இருப்பதாகவே தெரியவில்லை. தூக்கிவிட்ட பிள்ளைகள் அழுதன. ரொம்ப ஆத்திரமாக வந்தது. செத்தவளுக்கு நான் வாடகை வீடா?

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். “நான் போய் அட்மிட் ஆவறேன். வாரதுன்னா வாங்க.” அறிவழகன் தலையைக் குனிந்தபடியே வண்டிச் சாவியை எடுத்தார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நாளை ஆபரேஷன். அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலோரம் நின்றார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார்.

“கீறி வெளிய ஊத்திப்போட்டா அவ எங்க சாமி போவா?”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

கட்டைவிரல் அசைகிறது! முதுகு நெருப்பாய் எரிகிறது, எரியட்டும். காலில் ஈரம் இல்லை.

கட்டிக்குள் என்ன இருந்தது என்று அத்தை டாக்டரிடம் கேட்டாராம். “சுத்தமான தண்ணிங்கம்மா, உறிஞ்சி எடுத்தாச்சு” என்றாராம். எங்கே ஊற்றினீர்கள் என்று கேட்டதற்கு டாக்டர் சிரித்திருக்கிறார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அத்தை வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து வைக்கிறார், மாத்திரை எடுத்துத் தருகிறார். காலைத் தொடுவதில்லை. இன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இத்தனை நாள் சாமி, சாமி என்று கூப்பிட்டதெல்லாம் யாரை?

அக்டோபர் 21, திங்கள்

முதல் முறையாகப் பள்ளிக்கூடத்திலிருந்து துணையில்லாமல் நடந்தே வந்தேன். வீடு தெரிந்ததும் எனக்கே அழுகை வந்துவிட்டது. அத்தை கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். என் நடையைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார்.

“தனியாவா வந்தே?”

“ஆமாங்க அத்தை.”

“கூட யாரும் வல்லியா?”

“இல்லீங்க.”

உள்ளேயிருந்து அறிவழகன் சிரித்தார். “அம்மா, இனி அவ ஓடவே செய்வா, தொணை எதுக்கு?”

நான் உள்ளே நுழைந்து கேட்டைச் சாத்தப் போனேன்.

“தெறந்தே கெடக்கட்டும், உடு” என்றார் அத்தை.