ஹீட்டர் அணைந்திருந்த ஆறு நாட்கள்

மார்ச் 4
கட்டுரை வந்துவிட்டது. தள்ளாடும் எலிகளின் சிறுமூளையில் புர்கின்ஜி செல்கள் சீராகத் துடிப்பதில்லை, அதனால்தான் கால் நினைத்த இடத்தில் விழுவதில்லை – இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஆய்வகத்துச் சீனியராம்! அவனுக்கு நான் வைத்த பெயர் பெரியமூளை. ஒவ்வொரு செல்லாக ஊசி வைத்து அந்தத் துடிப்பைப் பிடித்தது நான். பதிவுகளை என் கணினியிலிருந்து அள்ளிக்கொண்டான். நன்றி சொல்லும் வரியில்கூட என் பெயர் இல்லை.

மார்ச் 5
கேட்டேன். "ஊசி பிடிக்கிறத யாரு வேணும்னாலும் பண்ணலாம்மா, யோசிச்சது நான்"னு சிரிக்கிறான். அம்மாவாம்! பேராசிரியரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 19
மாட்டினான்! மூளைத் துண்டைச் சூடாக வைக்கும் ஹீட்டர் ஓடினால், செல்லைத் தேடும்போது இரைச்சல் குழப்பும். அதனால் செல்லைப் பிடிக்கும்வரை அணைத்துவிட்டு, பிடித்ததும் போடுவது எங்கள் வழக்கம். பழைய நோட்டைப் புரட்டினால், தள்ளாடும் எலிகளைப் பதிந்த ஆறு நாளும் நான் திரும்பப் போடவே இல்லை. ஓரத்தில் என் கையெழுத்தில் இருபத்திரண்டு டிகிரி. நல்ல எலிகளுக்கு முப்பத்துநான்கு. குளிர்ந்தால் துடிப்பு மாறத்தானே செய்யும்? இந்த ஒப்பீடே செல்லாது.
என் தப்புதான். ஆனால் கட்டுரையில் யார் பெயர் இருக்கிறது?

மார்ச் 20
அக்கா, "இப்பவே சொல்லிடுடி, மனசாவது ஆறும்" என்றாள். எதுக்கு ஆறணும்? ஜூன் மாநாட்டில் இதைத்தான் பேசப்போகிறான், வரட்டும். அத்தனை பேர் முன்னால் அவன் மூக்கு உடைபட வேண்டும்.

ஏப்ரல் 27
மருந்துக் கம்பெனிக்காரர்கள் வந்து அவன் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏறட்டும், இன்னும் கொஞ்சம் ஏறட்டும்.

ஜூன் 12
மாநாட்டில் அவன் பேசி முடித்ததும், கேள்வி நேரத்தில் எழுந்தேன். "அந்த ஆறு நாள் பதிவும் எத்தனை டிகிரியில எடுத்தது சார்?"
மடிக்கணினியைத் துழாவு துழாவென்று துழாவினான். என்ன சுகம்!
பிறகு மைக்கைப் பக்கத்தில் இழுத்தான். "அது எல்லாமே நீ எடுத்ததுதானேம்மா? ஹீட்டரப் பாக்க வேண்டியது யாரு?"
மூன்று மாதமாக அவன் வாயிலிருந்து வரவேண்டும் என்று நான் தவித்த வார்த்தை. அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது.

ஜூன் 26
கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியாகிவிட்டது. வெப்பநிலையைக் கவனிக்கத் தவறியவர் என்று என் முழுப் பெயர், இனிஷியலோடு. அக்கா போனில், "பேரு வந்துச்சாடி?" என்றாள். வந்தது என்றேன்.

ஜூலை 9
ஒரு வாரமாகத் தள்ளாடும் எலிகளை முப்பத்துநான்கு டிகிரியில் திரும்பப் பதிந்தேன். ஒவ்வொரு முறையும் ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தேன். துடிப்பு அப்படியேதான் தடுமாறுகிறது. விஷயம் உண்மை! மார்ச்சிலேயே இதைச் செய்திருந்தால் இது என்னுடையது. ஏன்டி செய்யல? அவன் விழுவதைப் பார்க்க உட்கார்ந்திருந்தேன்.
படங்களைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் கையில்கூட வாங்கவில்லை. "நீ எடுத்ததா?" என்று மட்டும் கேட்டார்.