சுந்தரியின் தலைப்பேறு

இன்று காலை இனயத்து மீன்காரி நம் தெருவோடு போனாள். நெத்திலிக் கருவாட்டு வாசம் முற்றத்தைத் தாண்டி அடுக்களைக்குள் வந்துவிட்டது. வழுதலங்காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சைவ வீட்டுக்காரி கருவாட்டு வாசத்துக்கு அழுகிறாள் என்று தெரிந்தால் ஊரார் என்னை எங்கே கொண்டுபோய்க் கட்டிப்போடுவார்களோ! உங்களை நினைக்க எனக்கு வாய்த்த வாசத்தைப் பாருங்கள். சந்தனமா, பிச்சிப்பூவா? கருவாடு.

எல்லாம் அந்த மறுவீட்டு விருந்தில் தொடங்கியது. கல்யாணம் முடிந்து திருவட்டாற்றில் என் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். பந்தியில் என் அண்ணன் சக்கைப் பிரதமன் பாயசம் விளம்பிக்கொண்டு வந்தார். உங்கள் இலைக்கு வரும்போது பாத்திரம் காலி. உள்ளே போய் அவர் எடுத்து வருவதற்குள் நீங்கள் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டீர்கள். "இனி இந்த வீட்டு ஆளு வந்து மொறையா அழைக்காம நானும் வரமாட்டேன், என் பெண்டாட்டியும் வரமாட்டா" என்று சபதம் வேறே. அண்ணன் ரோஷத்தில் உங்களுக்கு ஒரு படி மேல். வருஷம் ஒன்று ஓடிவிட்டது, அவர் வரவில்லை; நான் என் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அன்று என் மடியில் ஏறி வந்த பூனைக்குட்டி சுந்தரி மட்டுந்தான் எனக்குப் பிறந்த வீட்டுச் சொந்தம்.

அந்தச் சுந்தரி சூல்கொண்டாள். குட்டி போடப் போவது அவள். குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் அலைந்தது நீங்கள். பனையோலைக் கடவப் பெட்டியில் உங்கள் கல்யாண நேரியல் துண்டை மடித்து விரித்தீர்கள். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு விறகுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். "மசக்கைக்காரிக்கு வாய்க்குப் பிடிச்சதைக் குடுக்கணும்லா" என்று ஒருநாள் வேட்டி மடியில் எதையோ சுருட்டி வந்தீர்கள். ஏழு தலைமுறைச் சைவ வீட்டில் கருவாடு! பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கேட்டாள். "செத்த எலியாக்கும்" என்று சாதித்தீர்கள். "அப்பம் பூனைய எதுக்கு வளக்குதீய?" என்றாள் அவள். நீங்கள் சுந்தரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள்.

எனக்கும் அப்போது மூன்று மாசம். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் துள்ளிக் குதிப்பீர்கள், அது தெரியும். ஆனால் பேறுக்கு என்னை அம்மாவிடம் அனுப்புவீர்களா? அந்தச் சபதம் நடுவில் கிடந்தது. அதனால் சுந்தரியை முன்னால் விட்டுப் பார்த்தேன்.

"இஞ்ச பாருங்க, தலைப்பேறு தாய்வீட்டுலதானே? இவ பொறந்தது எங்க வீட்டுலயாக்கும்."

சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். இரண்டு நாள் யோசித்தீர்கள், மகா மனுஷரே. "செரிதான் ஏட்டி. மொறைன்னா எல்லாருக்கும் மொறைதான். ஆனா அங்கேருந்து ஆளு வந்து அழைக்காம எப்பிடி அனுப்ப முடியும்?"

சந்தைக்குப் போன ஆளிடம் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன். நாலாம் நாள் வில்வண்டி வாசலில் நின்றது. அண்ணன் ஒரு பெட்டி முந்திரிக்கொத்தோடு இறங்கி, "மாப்ளே, பொண்ணை அழைக்க வந்திருக்கேன்" என்றார். நீங்கள் உம்மென்று நின்றீர்கள். சுந்தரிதான் ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிறாண்டினாள். மடியிலிருந்து ஒரு வாழையிலைப் பொதி விழுந்து பிரிந்தது. நெத்திலி!

"அத்தான், நீங்களுமா?"

"வயித்துப்புள்ளக்காரியைப் பாக்க வெறுங்கையோட வர முடியுமா மாப்ளே?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உங்கள் நெற்றி விபூதி உதிர்ந்தது. ஒரு வருஷக் கோபம் அந்த முற்றத்தோடு போயிற்று.

மறுநாள் விடியலில் கிளம்பினோம். தக்கலை தாண்டுமுன் சுந்தரி கடவத்தை விட்டு இறங்கி, உங்கள் மடியிலேயே நாலு குட்டிகளைப் பெற்றுப்போட்டாள். வேட்டி போனது உங்களுக்குப் பெரிசில்லை. "தாய்வீடு போய்ச் சேரலியே ஏட்டி! மொறை போச்சே!" என்று கண்கலங்கினீர்கள்.

"வெசனப்படாதீங்க. இன்னொரு தலைப்பேறு இருக்கு. அதை அங்க வச்சுக்கிடலாம்."

நீங்கள் குனிந்து சுந்தரியின் வயிற்றைத் தடவிப் பார்த்தீர்கள். "இன்னும் குட்டி கெடக்கா?"

அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு விளங்கியது. நாலு குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவும் முடியாமல், என் கையைப் பிடிக்கவும் தெரியாமல் நீங்கள் விழித்த விழி! அன்று திருவட்டாற்றுப் பந்தியில் உங்கள் இலையில் பிரதமன் மூன்று தரம் விழுந்தது.

அந்த வயிற்றில் இருந்தவளுக்கு இப்போது பதினாலு வயசு. கோபம் வந்தால் இலையை மடக்குகிறாள்.

அழைக்காத இடத்துக்குப் போகமாட்டேன் என்ற மனுஷன், போன ஐப்பசியில் யார் வந்து அழைத்தார்கள் என்று அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு புறப்பட்டீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை, தீரவும் தீராது.

சுந்தரியின் வம்சத்தில் ஒருத்தி இப்போது வயிற்றைத் தள்ளிக்கொண்டு திரிகிறாள். கடவத்தைத் தட்டி உங்கள் நேரியலை விரித்து வைத்தேன். மீன்காரியைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டேன். இதை எழுதும்போதும் என் மடியில் அந்தப் பொதி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் செத்த எலிதான்.

எனக்கு நேரம் வரும்போது நீங்கள்தான் வந்து அழைக்க வேண்டும். கையில் முந்திரிக்கொத்து இருக்கட்டும். முறையாக அழைக்காமல் நான் வரமாட்டேன், கேட்டீர்களா?