வெள்ளைப் பட்டைக்கு அடியில் என் பெயர்

என் செல்ல ஆரோக்கியம் அக்காவுக்கு,

நீ இருந்தவரை உன்னை நான் ஒரு நாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாரு", "எங்க போய்த் தொலஞ்ச" என்பதோடு சரி. செத்த பிறகு கொஞ்சுவது சுலபமாக இருக்கிறது. நீ திரும்ப ஒரு கேள்வியும் கேட்கப்போவதில்லை அல்லவா?

வீட்டுச் சேதி முதலில். குறுவை அறுத்தாயிற்று, சம்பா நடவு நடக்கிறது. வாய்க்கால் ஓரத்து வயலுக்கு நீ இல்லாமல் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, அவர்களும் மதியத்துக்கு மேல் நிற்பதில்லை. என் வீட்டுக்காரர் ஆண்டனி இன்னமும் வரப்பில் நின்று "ஆரோக்கியம்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். மகள் ஷெரினுக்கு அவள் வேலை பார்க்கும் சென்னையிலேயே வரன் அமைந்திருக்கிறது. பொங்கல் கழிந்து நிச்சயம்.

பையன் நல்லவன். பையனின் அம்மா ரோஸ்லின், ரிட்டயர்ட் டீச்சர். முதல் சந்திப்பிலேயே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க. உங்க பக்கம் சுகர், பிரஷர் தவிர வேற ஒண்ணும் இல்லல்ல?" இல்லை என்றேன். "கூடப்பொறந்தவங்க?" என்றார். "நான் ஒருத்திதாங்க" என்றேன். வாய் கூசவில்லை அக்கா. ஆண்டனி தலையைக் குனிந்துகொண்டு காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

போன மாதம் ஷெரினோடு ஒரு வாரம் இருக்கலாம் என்று சென்னைக்குப் போனேன். அவள் வேலைக்குப் போன பிறகு பகலெல்லாம் நான் என்ன செய்வேன்? "நீங்க எங்கூட வாங்க சம்பந்தி, ஊரச் சுத்திக் காட்டுறேன்" என்று ரோஸ்லின் அம்மா வந்து நின்றார். கையில் ஒரு வழிகாட்டிப் புத்தகம். மெரினாவுக்கும் உயிரியல் பூங்காவுக்கும் இல்லை. சென்னையில் இந்தக் காலத்துக் கலைஞர்கள் செய்துவைத்திருப்பதை எங்கெங்கே பார்க்கலாம், எந்த பஸ்ஸில் போகலாம், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்தையும் பார்த்து முடித்ததும் அவர் பென்சிலால் ஒரு டிக் போடுவார். டீச்சர் அல்லவா.

முதல் இடத்தில் கால் உடைந்த நாற்காலிகளைச் சுவரில் ஆணியடித்திருந்தார்கள். இரண்டாவதில் ஒரு ஆள் பக்கெட்டில் கைகழுவுகிறான், கழுவுகிறான், டிவியில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவதில் ஒரு பெரிய வெள்ளை அறை, நடுவில் மண். வெறும் மண். நான் குனிந்து எடுத்துப் பார்க்கப்போனேன், தொடக்கூடாது என்று ஒரு பெண் ஓடிவந்தாள். நம் ஊர் மண்ணாக இருந்தால் நடவுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லியிருப்பேன். நீ கூட இருந்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

புத்தகத்தில் ஒரு யோசனை எழுதியிருந்தது. பார்த்த உடனே அர்த்தம் தேடாதீர்கள், முதலில் சும்மா நில்லுங்கள் என்று. ரோஸ்லின் அம்மா அதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

நான்காவது இடம் துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய கிடங்கு. உள்ளே இரும்புக் குழாய்களில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் கண்ணீர் அஞ்சலி பேனர்கள். நம் ஊர்த் தெருமுனைகளில் கட்டுவோமே, அதே பேனர்கள். மூன்றாவது பேனரில் நீ இருந்தாய். ஆள் உயரத்துக்கு மேல், சிரித்துக்கொண்டு.

நான் சும்மா நின்றேன். புத்தகம் சொன்ன மாதிரியே.

நீ எப்படி அங்கே போனாய் என்று கேட்பாய். நான்தான் மடித்துக் கொடுத்தேன். உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பேனரை அவிழ்த்துப் பரணில் போட்டோம். போன வருஷம் குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடந்தபோது மழை வந்துவிட்டது. எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம், அவரவர் வீட்டுச் செத்தவர்களைக் கொண்டுவந்து நெல்லின் மேல் போர்த்தினோம். முகம் கீழே இருக்கிற மாதிரித்தான் போடுவோம், உனக்குத் தெரியும். செத்தவர் முகத்தில் மழை விழக்கூடாது, காக்கை எச்சமிடக்கூடாது. அந்த மரியாதைதான் உன்னைக் கெடுத்தது. ஒன்பது நாள் ஈர நெல்லின் சூட்டிலும் சுணையிலும் கிடந்து, உன் முகத்து மை திட்டுத் திட்டாக உரிந்துவிட்டது. அப்புறம் ஒரு பெண் வேனில் வந்து, பழைய பேனர் கொடுத்தால் புதுத் தார்ப்பாய் தருகிறேன் என்றாள். நீலத் தார்ப்பாய், நல்ல கனம். நான் யோசிக்கவே இல்லை.

நெற்றியில் ஒரு வெள்ளை, கன்னத்தில் ஒரு வெள்ளை, உதட்டோரம் ஒன்று. உதட்டோரத்தில் உனக்கு நிஜமாகவே இருந்தது. இமையில் இருந்ததை மட்டும் நெல் விட்டுவிட்டது.

உன் முகத்தில் இருந்ததை ஊர் வெண்குஷ்டம் என்றது. டாக்டர் வெறும் வெண்புள்ளி, ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்றார். ஊர் சொன்னதைத்தான் நாம் வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம். உன்னைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. என்னைப் பெண் பார்க்க ஆண்டனி வீட்டார் பேராவூரணியிலிருந்து வந்த அன்று, "நீ வயக்காட்டுல இருந்துட்டுப் பொழுது சாஞ்சு வா" என்று அம்மா உன்னை அனுப்பினாள். மழை பிடித்துக்கொண்டது. புல்லுக்கட்டோடு நீ சொட்டச் சொட்ட வாசலுக்கே வந்துவிட்டாய். ஆண்டனியின் அக்கா "இது யாரு?" என்று கேட்டாள்.

அம்மா வாய் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன். "வேலைக்கு வர்ற பொண்ணு."

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு கட்டை இறக்கி வைத்துவிட்டு, பெற்ற தாயிடம், "நாளைக்குக் காலையில வர்றேங்கம்மா" என்று சொல்லிக் கொல்லைப் பக்கமாகப் போனாய். அவர்கள் போகும்வரை மாட்டுக்கொட்டகையில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாய். கல்யாணமாகி நம் வீட்டோடு வந்த பிறகு உண்மை தெரிந்தபோது ஆண்டனி கோபிக்கவில்லை. "இதுக்கா மறைச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். ஆக அந்தப் பொய் யாருக்கும் தேவைப்படவே இல்லை. அப்புறமும், விருந்தாளி வந்தால் உனக்கு நான் தனித் தம்ளர்தான் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று நீ ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை?

நெஞ்சுவலி என்று தஞ்சாவூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நீ போய்விட்டாய். பேனர் அடிக்கத் திருவையாற்றுக்கு நான்தான் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் உன் முகத்தைப் பெரிதாக்கி, "அக்கா, இதெல்லாம் எடுத்துரவா?" என்றார். "எடுத்துருங்க. சுத்தமா எடுத்துருங்க" என்றேன். முப்பது வருடம் தடவிய களிம்பெல்லாம் செய்யாததை அவர் இரண்டு நிமிடத்தில் செய்தார். பேனரைப் பார்த்து ஷெரின், "இது யாரும்மா?" என்று அழுதாள்.

நான் அழித்ததை நெல் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதைத்தான் கிடங்கில் ஏசி போட்டு மாட்டியிருந்தார்கள்.

ரோஸ்லின் அம்மா புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். இறந்தவர்களுக்கு மரியாதை செய்வதற்காகப் பெயர்களையெல்லாம் வெள்ளைப் பட்டை அடித்து மறைத்திருக்கிறார்களாம். உனக்குப் 'பெயரற்ற பெண்' என்று தலைப்பு. அறுவடையின் ஈரம் இந்த முகத்தை மறுபடி வரைந்திருக்கிறது என்று ஒரு வரி. வாசித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உன் கிட்டே போனார்.

"பாருங்களேன், நெத்தியில, கன்னத்துல. நெஜத்துல ஒருத்தருக்கு இப்படி இருந்தா பாக்கவே கஷ்டமா இருக்கும். இதுல எவ்ளோ அழகா இருக்கு!"

நான் ஆமாம் என்றேன்.

"தஞ்சாவூர்ப் பக்கம்னு போட்டிருக்கே. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

உன் மார்புக்குக் கீழே அந்த வெள்ளைப் பட்டை இருந்தது. அதற்கு அடியில் 'கண்ணீருடன், தங்கை ஜெசிந்தா' என்று இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கொட்டை எழுத்தில் போடச் சொன்னவளே நான்தான். அந்தப் பட்டையை அடித்தவர் நன்றாக இருக்கட்டும் என்று அந்த நேரத்தில் மனதார வாழ்த்தினேன் அக்கா. அப்படிப்பட்டவள் நான்.

"தெரியாதுங்க" என்றேன்.

"சரி, அப்படியே நில்லுங்க, ஒரு போட்டோ" என்றார். உன் பக்கத்தில் நின்றேன். சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். பிறகு புத்தகத்தில் டிக் போட்டார்.

சாயங்காலம் ஷெரின் வீட்டுக்கு வரும்போதே போனை நீட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு வீட்டாரும் இருக்கிற குரூப்பில் ரோஸ்லின் அம்மா அந்தப் படத்தைப் போட்டிருந்தார். 'ஜெசிந்தா அம்மாவும் பெயரில்லாத பெண்ணும்' என்று கீழே எழுதி, ஒரு சிரிப்புப் பொம்மை.

"இது பெரியம்மாம்மா."

"ம்."

"அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன். உனக்காகத்தாண்டி."

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. ஹேண்ட்பேக்கை மெதுவாகக் கீழே வைத்தாள். "நாளைக்கு என் உதட்டோரம் ஒண்ணு வந்தா, அப்ப யாருக்காகம்மா என்னத் தெரியாதுன்னு சொல்லுவ?"

இதற்கு உன்னிடம் பதில் இருக்குமா அக்கா?

மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னை அதே கிடங்குக்கு இழுத்துப்போனாள். அங்கே இருந்த பெண்ணிடம், "எங்க பெரியம்மா பேனர், எங்களுக்குத் திருப்பி வேணும்" என்றாள். அது விற்றுவிட்டதாம். ஒரு பெரிய ஹோட்டலின் முகப்பில் மாட்டப் போகிறார்களாம். புல்லுக்கட்டோடு வந்தவளைக் கொல்லை வழியாக அனுப்பினோம், இனி வருகிறவர் போகிறவரை எல்லாம் நீதான் வாசலில் நின்று வரவேற்கப்போகிறாய். அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. "இவ எங்கக்கா" என்றேன். ஐம்பது வயதில், முதல் தடவையாக ஒரு அந்நியரிடம். அந்தப் பெண் "ஓ, நைஸ்" என்று சொல்லிவிட்டு மணி பார்த்தாள்.

எனக்கு அதுதான் கிடைக்க வேண்டியது. சொல்வதால் எனக்கு ஒரு நஷ்டமும் வராத இடத்தில் சொன்னால் அவ்வளவுதான் மதிப்பு.

ஊருக்கு பஸ் ஏறும்போது ஷெரின் கேட்டாள், "ரோஸ்லின் ஆன்ட்டிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" கல்யாணம் நின்றுபோனால் என்றேன். "நின்னா நிக்கட்டும். பெரியம்மாவ ஒளிச்சு வச்சு எனக்கு எதுவும் வேணாம்" என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். நேரில் சொன்னால் என் நாக்கு மறுபடி ஏமாற்றிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கல்லறைத் திருநாளுக்கு நம் கோயிலில் அச்சடிக்கும் பங்குமலரில் இந்தக் கடிதம் வருகிறது. பங்குச்சாமி வாசித்துவிட்டு, "யோசிச்சுத்தான் கொடுக்குறியாம்மா?" என்று கேட்டார். யோசித்தால் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன்.

மலர் வந்ததும் முதல் பிரதி சென்னைக்குத் தபாலில் போகிறது. ரோஸ்லின் அம்மா, நீங்கள் வாசிக்கும்போது கோபம் வந்தால் ஷெரின் மேல் காட்டாதீர்கள், அவள் உங்களிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அக்கா, நாம் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உன்னைத் தெரியாது என்று சொன்ன மறுநிமிடம் எடுத்தது. அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட, பேனர் அடித்த அதே கடையில்தான் கொடுத்திருக்கிறேன். எதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிச்சயம் நடந்தால் அந்தப் படம் மேடையில் இருக்கும். நடக்காவிட்டால் நம் வீட்டு வாசல் நிலைக்கு நேர் எதிரே இருக்கும். இனி நம் வீட்டுக்கு வருகிற எவரும் "இது யாரு?" என்று கேட்டால், வேறு யாரும் வாய் திறக்கும் முன் நானே சொல்வேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
ஜெசிந்தா